வந்து வந்து போகும் சத்தம்: பிக்கப் வண்டியில் அதைப் பிடிப்பது எப்படி?

லோடு ஏற்றிக்கொண்டு மேட்டில் வண்டியை எடுத்தால் மட்டும் அடியில் கடகடவென்று ஒரு உதறல். எம்ட்டியாகத் திரும்பினால் இல்லை. பட்டறையில் கொண்டுபோய் விட்டால் சுத்தமாக இல்லை. என் பொலேரோ பிக்கப்பில் இப்படி ஒரு சத்தம் வந்து, முதலில் ஷாக் அப்சார்பர் மாறியது, அப்புறம் ஸ்பிரிங் புஷ் மாறியது, சைலன்சர் ரப்பர்கூட மாறியது. சத்தம் அப்படியே இருந்தது. கடைசியில் அது, இன்ஜின் இழுவையைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஜாயின்ட் ஷாஃப்டைத் தாங்கும் சென்டர் பேரிங். மாற்றிய சாமான்கள் எல்லாம் சேர்ந்த விலையைவிட அதன் விலை குறைவு.

நிரந்தரமாகக் கேட்கும் சத்தத்தை நல்ல மெக்கானிக் ஒரு ரவுண்டு ஓட்டியே சொல்லிவிடுவார். வந்து போகும் சத்தம் அப்படியல்ல. அவர் கேட்கும்போது அது வராது. அவருக்குக் கிடைக்கும் ஒரே துப்பு நீங்கள் வாயால் சொல்வதுதான். "அடியில ஏதோ சத்தம் வருதுண்ணே" என்று மட்டும் சொன்னால் அவர் ஊகத்தில்தான் சாமான் மாற்றுவார். அந்த ஊகத்துக்கும் பில் நீங்கள்தான் கட்ட வேண்டும். "லோடு இருக்கும்போது, இரண்டாவது கியரில், ஆக்சிலேட்டர் மிதித்தால் வருகிறது, விட்டால் நிற்கிறது" என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது. அந்த ஒரு வரியைக் கண்டுபிடிப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

பொலேரோ பிக்கப், தோஸ்த், யோதா, டி-மேக்ஸ் போன்ற வண்டிகளுக்கு இது பொருந்தும். இன்ஜின் முன்னால், ஓட்டுவது பின் சக்கரம், பின்னால் ஸ்பிரிங் பட்டை. அமைப்பு ஒன்றுதான் என்பதால் சோதனையும் ஒன்றுதான்.

1. ஓட்டலாமா, நிறுத்தணுமா? இதை முதலில் முடிவு செய்யுங்கள்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் சோதனை எல்லாம் பிறகு. வண்டியை ஓரம் கட்டுங்கள்.

- இன்ஜினில் டொக் டொக் என்று அடித்து, ஆயில் விளக்கும் எரிந்தால் அந்த நொடியே இன்ஜினை நிறுத்துங்கள். "பக்கத்து ஊர் பட்டறை வரைக்கும் போயிடலாம்" என்று ஓட்டினால் இன்ஜின் வேலை வைத்துவிடும். கட்டி இழுக்கும் கூலி அதில் ஒரு சிறு பங்குதான்.
- பிரேக் மிதிக்கும்போது இரும்போடு இரும்பு உரசும் சத்தம், பெடல் ஆழமாகப் போவது, வண்டி ஒரு பக்கம் இழுப்பது.
- ஸ்டியரிங்கில் டக்கென்ற சத்தத்தோடு ஆட்டமும் தெரிவது.
- சக்கரப் பக்கத்திலிருந்து டக் டக் என்று தாளமாக வந்து, நாளுக்கு நாள் அதிகமாவது. உடனே வீல் ஸ்பேனரை எடுத்து எல்லா நட்டையும் பாருங்கள். பஞ்சர் போட்ட பிறகு நட்டு சரியாக இறுகாமல் போவது சாதாரணமாக நடக்கிறது. தளர்ந்த நட்டோடு ஓடினால் ரிம் ஓட்டை அகன்று, ஸ்டட் ஒடிந்து, சக்கரமே கழன்றுவிடும்.
- அடியிலிருந்து பலத்த அடியும் அதிர்வும் திடீரென்று கூடுவது. ஷாஃப்டின் முனையில் சிலுவை போல இருக்கும் இணைப்பான ஜாயின்ட் கிராஸ் உடைந்து ஷாஃப்ட் கீழே விழும் முன் இப்படித்தான் இருக்கும்.
- வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்பது, அல்லது பின் ஆக்ஸில் நேராக இல்லாதது. பட்டை ஒடிந்திருக்கலாம், பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் அறுந்திருக்கலாம்.

பயப்படத் தேவையில்லாத சத்தங்களும் உண்டு. ஓடி வந்து நிறுத்தியதும் சைலன்சர் ஆறும்போது டிக் டிக் என்று கேட்கும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகளில் டி.பி.எஃப். (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் நேரத்தில் ஐடில் கொஞ்சம் ஏறி இன்ஜின் சத்தம் மாறும். ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் ஸ்டார்ட் செய்து கொஞ்சம் நகர்ந்ததும் ஒரு சின்ன உறுமல் கேட்டு அடங்கும். இதற்கெல்லாம் செலவு செய்யாதீர்கள்.

2. நோட்டு போடுங்கள்

ஒரு சின்ன நோட்டு வாங்கி டாஷ்போர்டில் போட்டுவிடுங்கள். சத்தம் வந்த ஒவ்வொரு முறையும், வண்டியை நிறுத்திய பிறகு, இவற்றை எழுதுங்கள்: இன்ஜின் சூடா ஆறியதா, எவ்வளவு லோடு, என்ன வேகம், எந்த கியர், கால் எந்தப் பெடலில் இருந்தது, வண்டி நேராகப் போனதா திரும்பியதா, ரோடு எப்படி, மழையா வெயிலா.

வர வேண்டிய இடத்தில் வராமல் போனாலும் எழுதுங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வராத நேரம்தான் பாதிச் சந்தேகங்களைத் தள்ளிவிடும். என் நோட்டில் இருந்த மாதிரி:

"காலை, ஆறின இன்ஜின், எம்ட்டி, மேடு. இல்லை. மதியம், முக்கால் லோடு, அதே மேடு, இரண்டாம் கியர், ஆக்சிலேட்டர் மிதித்தபோது வந்தது. விட்டதும் நின்றது. சமரோட்டில் நாலாம் கியர், அதே லோடு. இல்லை."

இந்த மூன்று வரியிலேயே விஷயம் இருக்கிறது. மேடு ஒன்றுதான், மாறியது லோடு. லோடு ஏறினால் பின் பட்டை அமுங்கும். பட்டை அமுங்கினால் ஷாஃப்டின் சாய்வு மாறும். சின்ன கியரில் மிதிக்கும்போது ஷாஃப்டின் மேல் முறுக்கு அதிகம். ஷாஃப்டைத் தாங்கும் ரப்பர் தளர்ந்திருந்தால் உதறல் வருவது அந்த நேரத்தில்தான். ஷாக் அப்சார்பருக்கும் ஆக்சிலேட்டருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. என் நோட்டைப் படித்திருந்தால் அதை யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள்.

வேறு சில துப்புகள்:

காலையில் ஈரத்தில் கீச்சென்று கத்தி, சூடானதும் அடங்கினால் ஃபேன் பெல்ட் பக்கம் பாருங்கள். வெயிலில் கிறீச் கிறீச் என்று முனகி, மழை பெய்த அன்று நின்றுபோனால் பட்டை, அதன் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிள், ரப்பர் புஷ். சூடான பிறகு மட்டும் தட்டினால் சைலன்சர் குழாய் ஒரு காரணம். சூட்டில் இரும்பு நீண்டு பாடியிலோ கிராஸ் மெம்பரிலோ இடிக்கும். சிமெண்ட் ரோட்டில் உறுமி, நல்ல தார் ரோட்டில் அடங்கினால் அது டயர். பேரிங் என்றால் ரோடு மாறினாலும் சத்தம் மாறாது.

தாளமாக வரும் சத்தம் என்றால் எண்ணிப் பாருங்கள். இந்த வண்டிகளின் டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.2 மீட்டர் ஓடும். மணிக்கு 8 கிலோமீட்டரில் நொடிக்கு ஒரு சுற்று, 20 கிலோமீட்டரில் நொடிக்கு இரண்டரை. உங்கள் டக் டக் இந்தக் கணக்கோடு ஒத்துப்போனால் டயர், ரிம், டிரம், ஹப் என்று சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்று. ஜாயின்ட் ஷாஃப்ட் சக்கரத்தைவிட நாலைந்து மடங்கு வேகமாகச் சுற்றுகிறது. அதில் வரும் கோளாறு 40 கிலோமீட்டரில் எண்ண முடியாத உதறலாகத்தான் கேட்கும்.

3. ஆடுகிற சாமான்களை இறக்குங்கள்

செலவே இல்லாத வேலை, ஆனால் பலர் செய்வதில்லை. ஜாக்கி, லிவர், ஸ்பேனர், தார்ப்பாய்க் கம்பி, சீட்டுக்குப் பின்னால் கிடக்கும் பாட்டில் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஓட்டுங்கள். அடியில் தொங்கும் ஸ்டெப்னியைக் கையால் ஆட்டிப் பாருங்கள். அதன் சங்கிலி அல்லது கேரியர் தளர்ந்தால் பள்ளத்தில் வரும் சத்தம் அப்படியே ஸ்பிரிங் உடைந்தது போல இருக்கும். பின் கதவின் கொக்கி, சங்கிலிக்குத் துணி சுற்றுங்கள். பேட்டரி கிளாம்ப், மட்கார்டு, நம்பர் பிளேட், லோடு பாடியைச் சேஸிஸோடு பிடிக்கும் போல்ட். எல்லாவற்றையும் கையால் தட்டியும் ஆட்டியும் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் இத்தோடு முடிந்தது.

4. நின்ற இடத்தில் சோதனை

சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் ஸ்டார்ட் செய்யுங்கள். கூட ஒருவர் வேண்டும்.

முதலில் மெதுவாக ரேஸ் செய்து, ஓடும்போது சத்தம் வந்த அதே ஆர்.பி.எம்.முக்குக் கொண்டுபோங்கள். நின்றபடியே வந்தால் நல்லது. சக்கரம், ஷாஃப்ட், ஹவுசிங் (பின் ஆக்ஸில் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டி) எல்லாம் கணக்கிலிருந்து போய்விட்டன. மிச்சம் இன்ஜின், பெல்ட், சைலன்சர், மவுண்டிங், கிளட்ச், கியர் பாக்ஸ்.

அடுத்து கிளட்ச். ஐடிலில் ஒரு உறுமல் கேட்டு, கிளட்ச் மிதித்ததும் நின்றால் கியர் பாக்ஸுக்குள் இருக்கும் பேரிங். நேர் எதிராக, மிதித்தால் வந்து, விட்டால் நின்றால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங். இந்த வித்தியாசத்தை எழுதி வையுங்கள். இரண்டுக்கும் கியர் பாக்ஸை இறக்கத்தான் வேண்டும், ஆனால் இறக்கிய பிறகு செலவு வேறு வேறு.

ஸ்டார்ட் செய்யும்போதும் நிறுத்தும்போதும் மட்டும் ஒரு டக்கென்ற அடி வந்தால் இன்ஜின் மவுண்டிங் ரப்பரைச் சந்தேகப்படுங்கள். தகரம் அதிர்வது போல ஒரு குறிப்பிட்ட ஆர்.பி.எம்.மில் மட்டும் கேட்டால் சைலன்சரின் மேல் இருக்கும் வெப்பத் தகடு. இன்ஜின் ஆறிய பிறகு அதைக் கையால் தட்டினால் அதே சத்தம் வரும்.

இன்ஜின் ஓடும்போது ஃபேன், பெல்ட் பக்கம் துண்டு, லூஸ் சட்டை, கைச்சங்கிலி எதுவும் போகக் கூடாது. இன்னொன்று: இன்ஜெக்டர் சத்தமா என்று பார்க்கப் பழைய டீசல் வண்டிகளில் பைப் நட்டைத் தளர்த்துவார்கள். எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் இப்போதைய காமன் ரெயில் இன்ஜினில் அதைச் செய்யவே கூடாது. உள்ளே இருப்பது 1,000 பாருக்கும் மேல் அழுத்தம். பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். யாராவது உங்கள் வண்டியில் அப்படிச் செய்யக் கிளம்பினால் தடுத்துவிடுங்கள்.

5. ஓட்டிப் பார்ப்பது

இதுதான் முக்கியமான கட்டம், அவசரப்படாதீர்கள். வண்டி நடமாட்டம் இல்லாத நேரான ரோடு, விடியற்காலை, ரேடியோவும் ஃபேனும் ஆஃப். ஒருவர் ஓட்ட வேண்டும், இன்னொருவர் கேபினுக்குள் உட்கார்ந்து கேட்க வேண்டும். லோடு பாடியில் தொங்கிக்கொண்டோ, கதவைத் திறந்து குனிந்தோ கேட்கிற வேலை வேண்டவே வேண்டாம். சத்தம் லோடில்தான் வரும் என்றால் லோடோடு போங்கள். எம்ட்டியாகச் சோதித்தால் டீசல்தான் வீண்.

(அ) ஒரே வேகம், வேறு கியர். 40 கிலோமீட்டரில் மூன்றாம் கியரில் ஓட்டுங்கள், பிறகு அதே 40-ல் நாலாம் கியர். கியர் மாறியதும் சத்தத்தின் வேகமும் மாறினால் அது இன்ஜினோடு சேர்ந்தது. கியர் மாறியும் சத்தம் மாறவில்லை என்றால் கியர் பாக்ஸுக்குப் பின்னால் உள்ள ஷாஃப்ட், ஹவுசிங், சக்கரம்.

(ஆ) நியூட்ரல். சத்தம் வந்துகொண்டிருக்கும்போது கியரை நியூட்ரலுக்கு எடுத்து வண்டியைச் சற்று உருளவிடுங்கள். சத்தம் அப்படியே தொடர்ந்தால் சக்கரம், பேரிங், டயர். நின்றால் இழுவை இருக்கும்போது மட்டும் வரும் கோளாறு. சமரோட்டில் மட்டும் இதைச் செய்யுங்கள், இறக்கத்தில் கூடாது. சாவியை ஆஃப் செய்யவே கூடாது. இன்ஜின் நின்றால் பவர் ஸ்டியரிங் போய்விடும், பிரேக்கின் பூஸ்டர் பலமும் போய்விடும்.

(இ) மிதித்து விடுவது. ஆக்சிலேட்டர் மிதித்தால் ஊளையிட்டு, விட்டால் அடங்கினால் ஹவுசிங்கில் கிரவுன் பினியன் பல். மிதித்தாலும் விட்டாலும் உறுமல் ஒரே மாதிரி இருந்தால் அங்கே உள்ள பேரிங். மிதிக்கும்போதும் விடும்போதும் ஒவ்வொரு டக், முன்கியரிலிருந்து ரிவர்ஸ் போட்டால் ஒரு டக் என்றால் ஜாயின்ட் கிராஸைப் பாருங்கள். கிரீஸ் இல்லாமல் காய்ந்த கிராஸ் மெதுவாகப் போகும்போது எலி கத்துவது போலக் கத்தும். அந்த நிலையிலேயே பிடித்துவிட்டால் நல்லது.

(ஈ) வளைப்பது. இடமிருந்து வலமாக அகலமாக வளைத்து ஓட்டுங்கள். இடப்பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் வலப்பக்கச் சக்கரத்தில் விழும். அப்போது உறுமல் கூடினால் வலப்பக்க வீல் பேரிங். வலப்பக்கம் திரும்பும்போது கூடினால் இடப்பக்கம். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு நல்ல பேரிங்கைக் கழற்றிவிடுவது அடிக்கடி நடக்கிறது. ஆகவே மெக்கானிக்கிடம் "இடப்பக்கம் திரும்பினால் சத்தம் கூடுகிறது" என்று முழுதாகச் சொல்லுங்கள். "இடப்பக்கம் சத்தம்" என்று சுருக்காதீர்கள்.

(உ) லேசான பிரேக். சத்தம் வரும்போது பிரேக்கை லேசாகத் தொடுங்கள். நின்றாலோ மாறினாலோ பிரேக் பக்கம். முன் டிஸ்குக்கும் அதன் பின்தகடுக்கும் நடுவில் மாட்டிய ஒரு சரளைக் கல் பயங்கரமாகக் கத்தும். மண்ரோட்டில் போய் வந்த பிறகு ஆரம்பித்த சத்தம் என்றால் முதலில் அதைப் பாருங்கள்.

(ஊ) வேகத்தடை. மெதுவாக ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஏற்றி இறக்குங்கள், பிறகு மறுபக்கம். எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். ஏறும்போதா இறங்கும்போதா என்றும் எழுதுங்கள்.

6. அடியில் படுத்துப் பார்ப்பது

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். கால் ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான் போக வேண்டும். பின்பக்கம் தூக்கினால் முன் சக்கரத்துக்கு இரு புறமும் கட்டை; ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைப் பிடிப்பது என்பதால் அதை நம்ப முடியாது. ஸ்டாண்டு இல்லையா, பட்டறைப் பள்ளத்தில் விட்டுப் பாருங்கள், அல்லது தூக்காமலேயே பார்க்கக்கூடியதை மட்டும் பாருங்கள். ஷாஃப்ட் விஷயத்துக்குத் தூக்கவே தேவையில்லை.

ஷாஃப்டைக் கையால் பிடித்து மேலும் கீழும் தூக்குங்கள், பிறகு முன்னும் பின்னும் முறுக்குங்கள். கிராஸ் இருக்கும் இடத்தில் கண்ணுக்குத் தெரியும் ஆட்டம் இருக்கக் கூடாது. கிராஸின் முனையை மூடும் கப்பைச் சுற்றி சிவப்புத் துருப்பொடி இருந்தால் உள்ளே கிரீஸ் இல்லை. ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருக்கும் வண்டிகளில் நடுவில் சென்டர் பேரிங். அதைச் சுற்றியிருக்கும் ரப்பரை விரலால் அழுத்துங்கள். என் வண்டியில் கீழேயிருந்து பார்த்தபோது ரப்பர் முழுசாகத்தான் தெரிந்தது. விரலை மேல்பக்கம் கொண்டுபோய் அழுத்தியபோது நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. ஷாஃப்டைத் தூக்கினால் அந்த வெடிப்பு வாய் திறந்தது. டார்ச்சை மேல்பக்கமும் அடித்துப் பாருங்கள்.

அப்புறம் பட்டை. ஒவ்வொரு பட்டையாக விரலை ஓட்டுங்கள். ஒடிந்த இடத்தில் புதிய இரும்பு பளபளக்கும். பட்டையை ஆக்ஸிலோடு கட்டும் யூ போல்ட் நட்டுகள், ஷேக்கிள் புஷ், ஷாக் அப்சார்பரின் மேல் கீழ் ரப்பர். எங்காவது பெயிண்ட் போய் இரும்பு மினுங்கினால் அங்கே ஏதோ ஒன்று இடிக்கிறது அல்லது உரசுகிறது. சந்தேகமான இடத்தில் சாக்பீஸ் தேய்த்துவிட்டு ஒரு லோடு ஓட்டிவிட்டு வாருங்கள். சாக்பீஸ் அழிந்திருந்தால் ஆள் பிடிபட்டாயிற்று.

முன் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், கூட இருப்பவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் போய்விட்டால் வீல் பேரிங். போகவில்லை என்றால் பால் ஜாயின்ட் அல்லது கிங் பின். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் என்றால் டை ராட் எண்ட்.

7. ஆதாரம் சேருங்கள்

மொபைலில் வீடியோவாக எடுங்கள். ஓட்டுபவர் எடுக்கக் கூடாது. மீட்டரும் தெரியும்படி எடுத்தால் வேகமும் ஆர்.பி.எம்.மும் சத்தத்தோடு சேர்ந்து பதிவாகிவிடும். எடுப்பவர் நடுவில் வாயால் சொல்லிக்கொண்டே வரட்டும்: "இப்ப ரெண்டாவது கியர்... மிதிக்கிறார்... விட்டுட்டார்." அடித்தொண்டையில் வரும் உறுமல் மொபைலில் சரியாக விழாது, டக், கீச் நன்றாக விழும். வீடியோவைத் தேதியோடு பத்திரமாக வையுங்கள். வாரண்டி விஷயத்தில் அது உதவும்.

8. பட்டறைக்குப் போகும்போது

கொண்டுபோக வேண்டியவை: ஆர்.சி., இன்சூரன்ஸ் நகல், சர்வீஸ் புத்தகம், பழைய பில்கள், உங்கள் நோட்டு, வீடியோ. கடைசியாக என்னென்ன வேலை பார்த்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். கிளட்ச் வேலை முடிந்த மறுவாரம் தொடங்கிய சத்தம் என்றால் கியர் பாக்ஸ் கழற்றி மாட்டியபோது ஒரு போல்ட் விட்டுப்போயிருக்கலாம்.

சாமான் பெயரைச் சொல்லாதீர்கள். நீங்கள் "வீல் பேரிங் போயிடுச்சு" என்றால் பேரிங்கை மாற்றித் தந்துவிடுவார்கள். சத்தம் நிற்கவில்லை என்றால் "நீங்க சொன்னதைத்தானே செஞ்சோம்" என்பார்கள். சூழ்நிலையை மட்டும் சொல்லுங்கள்.

வண்டியைச் சத்தம் வரும் நிலையில் கொண்டுபோங்கள். ஆறின இன்ஜினில் வரும் சத்தம் என்றால் முதல் நாள் மாலையே விட்டுவிட்டு, காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். லோடில்தான் வரும் என்றால் முன்கூட்டியே போன் செய்து, "லோடோட வர்றேண்ணே, ஒரு ரவுண்டு கூட வாங்க" என்று கேளுங்கள். காலை பத்து மணிக்கு மேல் பட்டறையில் கூட்டம் சேர்ந்துவிடும், யாரும் கூட வர மாட்டார்கள். கடை திறக்கும் நேரத்தில் போவதே நல்லது. மெக்கானிக் தன் காதால் கேட்காமல் வேலை ஆரம்பிக்க விடாதீர்கள்.

கம்பெனி சர்வீஸ் சென்டர் என்றால் ஜாப் கார்டில் உங்கள் வார்த்தைகளிலேயே எழுதச் சொல்லுங்கள். அவர்கள் வழக்கமாக "அடியில் சத்தம், செக்" என்று முடித்துவிடுவார்கள். லோடு, கியர், வேகம் மூன்றும் அதில் இருக்க வேண்டும். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வேலை ஆரம்பிக்கும் முன்பே எஸ்டிமேட் வாங்குங்கள். கழற்றிய பழைய சாமான் எனக்கு வேண்டும் என்றும் அப்போதே சொல்லிவிடுங்கள். வேலை முடிந்த பிறகு கேட்டால் குப்பையில் போய்விட்டது என்ற பதில்தான் வரும்.

9. செலவும் நேரமும்

செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். கிரீஸ் அடிப்பது, போல்ட் இறுக்குவது, சைலன்சர் ரப்பர், பட்டை புஷ், ஜாயின்ட் கிராஸ் எல்லாம் சில நூறு ரூபாய் முதல் ஓரிரு ஆயிரத்துக்குள், பெரும்பாலும் அரை நாளில் முடியும். வீல் பேரிங், சென்டர் பேரிங், ஷாக் அப்சார்பர் இவை ஆயிரங்களில். ரிலீஸ் பேரிங் விலை குறைவுதான், ஆனால் கியர் பாக்ஸை இறக்கும் கூலி அதைவிடப் பெரிது. இறக்கிய கையோடு கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட்டையும் பார்த்து, தேய்ந்திருந்தால் சேர்த்தே மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் அதே கூலியை இன்னொரு முறை கொடுக்க வேண்டும். கிரவுன் பினியன் செட் மாற்றினால் கூலியோடு பத்தாயிரத்தைத் தாண்டும். அந்த முடிவுக்கு வரும் முன் ஹவுசிங் ஆயிலை இறக்கி, அதில் இரும்புத் துகள் இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். துகள் இல்லை, ஆயில் மட்டம் குறைந்திருக்கிறது என்றால் ஆயிலை நிரப்பி ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

ஒரு நேரத்தில் ஒரு சாமான்தான். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று கடைசி வரை தெரியாது. ஒவ்வொன்றுக்கும் நடுவில் அதே லோடு, அதே மேட்டில் ஓட்டிப் பாருங்கள். பிழைப்பு வண்டி ஓடாமல் நின்றால் அன்றைய வாடகையும் போகிறது, அதையும் செலவில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) நெருங்கினால் இந்த வேலையை அதோடு சேர்த்துக்கொள்வது மிச்சம். 8 வருடம் வரை 2 வருடத்துக்கு ஒருமுறையும், அதற்கு மேல் வருடா வருடமும் எஃப்.சி. உண்டு. அதற்கு எப்படியும் டிரம் கழற்றுவார்கள், பேரிங்கைச் சுற்றிப் பார்க்கவும் கிரீஸ் மாற்றவும் அதுவே நேரம்.

10. வாரண்டி, இன்சூரன்ஸ், புகார்

வாரண்டி முடிய ஒரு மாதம்தான் இருக்கிறது, சத்தமோ எப்போதாவதுதான் வருகிறது என்றால் காத்திருக்காதீர்கள். அன்றே போய் ஜாப் கார்டு போடுங்கள். "சத்தம் வரவில்லை" என்று எழுதித் திருப்பி அனுப்பினாலும் பரவாயில்லை. வாரண்டி தேதிக்குள் புகார் கொடுத்த பதிவு உங்கள் கையில் இருக்கும். பிறகு அதே சத்தம் நிரந்தரமானால் அதுதான் பேசும். வெளிப் பட்டறையில் அந்தப் பாகத்தைக் கழற்றிய வண்டிக்கு வாரண்டி மறுக்கப்படலாம் என்பதால் அந்தக் காலத்தில் பார்ப்பதோடு நிறுத்துங்கள், கழற்ற வேண்டாம்.

தேய்மானத்துக்கு இன்சூரன்ஸ் பணம் தராது. பெரிய பள்ளத்தில் விழுந்து, எதிலாவது மோதி, அதன் பிறகு தொடங்கிய சத்தம் என்றால் மட்டும் க்ளெய்ம் பற்றி யோசிக்கலாம். சர்வேயர் பார்க்கும் முன் எதையும் கழற்றாதீர்கள்.

பில் கட்டியும் வேலை ஆகவில்லை, பேசியும் பலனில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம். அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். "சரக்கு வண்டி என்றால் வணிகம், நுகர்வோர் சட்டம் பொருந்தாது" என்று சொல்லிப் பலரைத் திருப்பி அனுப்புகிறார்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கியதை வணிக நோக்கமாகக் கருதுவதில்லை. சொந்த வண்டியை வைத்துக் குடும்பம் நடத்துபவர் தாராளமாகப் புகார் கொடுக்கலாம். பிரச்சினை எழுந்து 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. பில், ஜாப் கார்டு, வீடியோ, பழைய சாமான் இவைதான் உங்கள் பலம். பில் இல்லாமல் குறைத்துப் போடும் வேலையில் இந்த வழி அடைபட்டுப்போகும்.

11. வேலை முடிந்த பிறகு

பட்டறை வாசலில் எம்ட்டியாக ஒரு ரவுண்டு அடித்துவிட்டு "சரி, போயிடுச்சு" என்று வராதீர்கள். நோட்டில் இருக்கும் அதே லோடு, அதே மேடு, அதே கியர். அங்கே வரவில்லை என்றால்தான் போயிற்று என்று அர்த்தம். சக்கரம் கழற்றியிருந்தால் முதல் 50, 100 கிலோமீட்டருக்குள் வீல் நட்டையும், பட்டை வேலை பார்த்திருந்தால் முதல் சில லோடுக்குப் பிறகு யூ போல்ட்டையும் மறுபடி இறுக்குங்கள். கிராஸில் கிரீஸ் நிப்பிள் இருந்தால் ஒவ்வொரு சர்வீஸிலும் கிரீஸ் அடிக்கச் சொல்லி, கப் ஓரத்தில் புது கிரீஸ் வெளியே வருகிறதா என்று நின்று பாருங்கள். மாற்றிய சாமான், தேதி, கிலோமீட்டர், கடை, விலை ஐந்தையும் அதே நோட்டில் எழுதி, பில்லை அதிலேயே ஒட்டி வையுங்கள். வண்டியை விற்கும் அன்றைக்கு வாங்குபவரிடம் அந்த நோட்டையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.